காதுள்ள சாமான்கள்

பல் செட்டு செய்கிற வேலையில் பதினோரு வருஷம் இருந்தவள் அவள். நோயாளியை வாயைத் திறக்கச் சொல்வது டாக்டர். அச்சு எடுப்பதும் அவரே. அந்த அச்சு பின்பக்க அறைக்கு வந்த பிறகு மெழுகு உருக்குவது, பல்லை வரிசையாக நட்டு வைப்பது, ஈறுக்கு நிறம் பார்ப்பது, ராவுவது, மெருகேற்றுவது எல்லாம் இவள் பாடு. பஸ்ஸில் யாராவது பெரியவர் பளிச்சென்று சிரித்தால் நம் கைவேலையாக இருக்குமோ என்று உற்றுப் பார்ப்பாள். அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு, கொடுத்த சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்களும் உண்டு.

ஒரு நாள் டாக்டர் கடையைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டோடு போய்விட்டார். நாலைந்து மாதம் வீட்டில் ஈ ஓட்டிய பிறகு, காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் காது அச்சு செய்ய ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள். காதைப் பற்றி என்ன தெரியும் என்று தலைமை ஆசிரியை கேட்டார்.

"பல்லுக்கு நாலு விரக்கடை மேல இருக்குன்னு தெரியும் டீச்சர். மிச்சத்தைக் கத்துக்கறேன்."

தலைமை ஆசிரியை லேசில் சிரிக்கிறவர் அல்ல. அன்று சிரித்தார். வேலையும் கொடுத்தார்.

வேலை கிட்டத்தட்ட பழைய வேலைதான், இடம்தான் வேறு. பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் காது மெஷின் காதுக்குப் பின்னால் வாழைப்பூ இதழ் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து காதுக்குள் இருக்கும் அச்சில் முடியும். அந்த அச்சு காது ஓட்டையின் வளைவு நெளிவுக்கு அப்படியே பொருந்த வேண்டும். கொஞ்சம் லூஸாக இருந்தாலும் மெஷின் 'கீ' என்று விசிலடிக்கும். இறுக்கமாக இருந்தால் பிள்ளை விசிலடிக்கும். இதில் இன்னொரு கூத்து, பெரியவர்களின் ஈறு இருந்த இடத்தில் இருக்கும். பிள்ளைகளின் காது இருக்காது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வளர்ந்துவிடும். சட்டை, செருப்பு, காது என்று அந்தப் பள்ளியில் வளர்த்திக்கு ஈடு கொடுக்க வேண்டிய பட்டியல் கொஞ்சம் நீளம்.

முதல் பிள்ளை, ஐந்து வயதுப் பையன், அவளைக் கடித்துவிட்டான். அவள் செய்ததெல்லாம் சேர்ந்தபோது கொடுத்த பயிற்சியில் சொன்னபடிதான். டார்ச் அடித்துக் காதுக்குள் பார்த்தாள். நூல் கட்டிய சின்னப் பஞ்சை உள்ளே வைத்தாள். ரோஸ் நிறப் பசையைப் பிசைந்து ஊசியில்லாத சிரிஞ்சில் அடைத்துக் காதருகே கொண்டு போனாள். அவ்வளவுதான், மணிக்கட்டில் நாலு பல் பதிந்தது. பதினோரு வருஷம் பல்லோடு குடித்தனம் செய்தவளை ஒரு பல்லும் கடித்ததில்லை. காதுக்கு வந்த முதல் நாளே கடி. அந்த நாலு பல் தடத்தையும் பார்த்து, பையனுக்கு மேல் வரிசை நன்றாக அமைந்திருக்கிறது என்று அவளையறியாமல் மனசு கணக்குப் போட்டது.

வீட்டுக்காரர் முடி வெட்டும் கடை வைத்திருப்பவர். தழும்பைக் காட்டிப் புலம்பியபோது, தினமும் முப்பது காதைச் சுற்றிக் கத்தரி ஓட்டுகிறவன் என்ற தோரணையில் ஒரு விளக்கம் சொன்னார். பின்னாலிருந்து கை வைத்தால் காது கேட்கிறவனே துள்ளுவான். அந்தப் பிள்ளைக்கு என்ன வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது என்று எப்படித் தெரியும்?

"நான் எதுக்குச் செவுரு முழுக்கக் கண்ணாடி மாட்டி வச்சிருக்கேன்? நான் அழகா இருக்கேன்னா?"

"அது இல்லைன்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் அவள். ஆனால் அடுத்த நாளே கடையின் பழைய கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அச்சு அறையில், பிள்ளைகள் உட்காரும் நாற்காலிக்கு நேராக மாட்டிவிட்டாள். பசையை முதலில் பிள்ளையின் கையில் கொடுத்து உருட்டச் சொன்னாள். பிறகு தன் காதில் ஒட்டிக் காட்டினாள். பிறகுதான் பிள்ளையின் காது. ஐந்து நிமிஷம் அசையாமல் உட்கார வேண்டும். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். கடைசியில் இறுகின பசையைத் திருகி எடுத்து உள்ளங்கையில் வைத்து, உன் காதின் உள்பக்கம் இதுதான் என்று காட்டினால், பையன்கள் வகுப்பு வகுப்பாக எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார்கள். கடித்தவன் மூன்றே மாதத்தில் இரண்டாம் அச்சுக்குத் தானாகவே வந்து உட்கார்ந்தான்.

சைகை மொழிதான் அவளுக்கு மெதுவாக வந்தது. பள்ளியில் பேச்சும் உண்டு, சைகையும் உண்டு. எந்தப் பிள்ளைக்கு எது வசமோ அது. 'வலிக்காது' என்று காட்டுவதாக நினைத்துக்கொண்டு ஒரு மாதம் முழுக்க 'சோப்பு' என்று காட்டிக்கொண்டிருந்தாள். அச்சு எடுத்த பிள்ளைகளெல்லாம் நேரே குழாயடிக்குப் போய்க் கை கழுவுவதைப் பார்த்து, எவ்வளவு சுத்தமான பிள்ளைகள் என்று தலைமை ஆசிரியையிடம் மெச்சிப் பேசிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. பிள்ளைகள் அவளுக்கு ஒரு சைகைப் பெயரும் வைத்திருந்தார்கள். காது மடலைப் பிடித்துக்கொண்டு இரண்டு கன்னத்தையும் உப்பிக் காட்டினால் அவள். கன்னம் எதற்கு என்று அவளுக்கு வெகு நாள் புரியவில்லை. சிரிஞ்சை அழுத்தும்போதெல்லாம் பலூன் ஊதுகிற மாதிரித் தன் கன்னம் உப்புகிறது என்பதை அவள் மாட்டிய கண்ணாடியே அவளுக்குக் காட்டிக்கொடுத்தது.

அவள் அங்கே சேர்ந்து மூன்றாம் வருஷம் 'வால்' வந்து சேர்ந்தாள். வயது நாலு. பள்ளிக்கு வந்த முதல் வாரமே மீன் தொட்டிக்குள் கை விட்டு மீனுக்குக் கை கொடுத்ததால் கிடைத்த பெயர். மற்றப் பிள்ளைகளோடு பழகிப் பத்தே நாளில் 'தா', 'இன்னும்', 'பூனை', 'அவன்தான் செஞ்சான்' எல்லாவற்றையும் சைகையில் பிடித்துக்கொண்டாள். கடைசிச் சைகையை அதிகம் உபயோகித்தாள். டெஸ்ட் எடுத்துப் பார்த்ததில், மெஷின் போட்டால் பேச்சுச் சத்தம் ஓரளவு எட்டும் என்று தெரிந்தது. இரண்டு காதுக்கும் மெஷின் கொடுத்தார்கள். இவள் அச்சு செய்து கொடுத்தாள்.

வாலின் அம்மா வீட்டிலேயே துணிப்பை தைத்துக் கடைக்குப் போடுகிறவள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருப்பாள். அவளிடம் தலைமை ஆசிரியை, பிள்ளையோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், என்ன செய்கிறீர்களோ அதையே சொல்லுங்கள், சோறு வடித்தால் சோறு வடிப்பதைச் சொல்லுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். செவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது, வெட்கமாக இருக்கிறது என்று இவளிடம் மட்டும் ஒரு நாள் சொன்னாள். இருந்தாலும் பேசுகிறேன் அக்கா, தைக்கிறதைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும், அதையே பேசுகிறேன் என்றாள்.

நாலு மாதம் ஓடியது. வாலிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. ஒரு சொல் புரிந்த அடையாளமும் இல்லை. தலைமை ஆசிரியையின் நோட்டில் 'சொல்' என்ற கட்டத்தில் 'இன்னும் இல்லை' என்று நாலு மாதமும் எழுதியிருந்தது. அதைவிடப் பெரிய தலைவலி, மெஷின் காதில் தங்கவில்லை. காலையில் மாட்டினால் கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். சட்டையோடு சேர்த்துக் கிளிப் போட்டுக் கயிறு கட்டினார்கள். கிளிப்பைக் கழற்றுவதற்கு வாலுக்கு இரண்டு நாள் ஆனது. ஒரு தடவை தைத்து முடித்த பைக் கட்டோடு மெஷினும் கடைக்கே போய்விட்டது. கடைக்காரர் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கி, உங்கள் பை விசிலடிக்கிறது, எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அச்சு குத்துகிறதோ என்னவோ, அதனால்தான் கழற்றுகிறாள் என்றார் தலைமை ஆசிரியை. இவளுக்குச் சுருக்கென்றது. பழைய அச்சை எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகச் செய்தாள். ஓரத்தை இன்னும் மழித்தாள். பட்டு மாதிரித் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நாக்கு நுனியால்கூடத் தடவிப் பார்த்தாள். மெஷின் மறுபடி காணாமல் போனது. மூன்றாவதாக மெத்தென்ற ரகத்தில் செய்தாள். அதுவும் போனது. குத்துகிறது என்ற பேச்சு மட்டும் போகவில்லை. என் கைப்பட்ட பல் செட்டைப் போட்டுக்கொண்டு கரும்பு கடித்தவர்கள் இருக்கிறார்கள், ஒரு குழந்தைக் காதுக்கு என்னால் குத்தாமல் செய்ய முடியாதா என்று வீட்டுக்காரரிடம் பொருமினாள். அவர், வாடிக்கைக்காரர் கடையில் இருக்கும்போது தலைமுடி படிந்துதான் இருக்கும், வீட்டுக்குப் போன பிறகுதான் நட்டுக்கொள்ளும், வீட்டில் போய்ப் பார் என்றார். கடை நடத்துகிறவர்கள் எதற்கும் கடையிலிருந்தே உதாரணம் எடுப்பார்கள். ஆனால் சொன்னதில் தப்பில்லை.

சனிக்கிழமை காலையில் பையில் டார்ச்சும் ராவுகிற கம்பியும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஒரே கூடம். ஜன்னலோரம் தையல் மெஷின். ஒரு பக்கம் வெட்டின துணி, மறுபக்கம் தைத்த பை, நடுவில் நடக்க ஓர் ஒற்றையடிப் பாதை. வாலின் காதில் இரண்டு மெஷினும் இருந்தன. இவளைப் பார்த்ததும் காதைப் பிடித்துக் கன்னத்தை உப்பிக் காட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அம்மா தைத்துக்கொண்டே, முகம் சிவக்கச் சிவக்க, பிள்ளை பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் விருந்தாளி இருக்கும்போது இப்படிப் பேசுவது அவளுக்கு எவ்வளவு கூச்சம் என்று தெரிந்து, இவள் ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயம் நடக்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரைமணி நேரம் போயிருக்கும். திரும்பிப் பார்த்தால் வாலின் வலது காது காலி.

தேடினார்கள். பைக் குவியலைக் கலைத்தார்கள். தையல் மெஷினின் அடியில் டார்ச் அடித்தார்கள். இவள் முழங்காலில் ஊர்ந்து கட்டிலுக்கடியில் நுழைந்தபோது வாலும் கூடவே ஊர்ந்து வந்து, எதைத் தேடுகிறோம் என்று தெரியாவிட்டாலும் மும்முரமாகத் தேடினாள். அம்மா இருவரையும் அசையாமல் இருக்கச் சொன்னாள். எங்கோ மெலிதாக 'கீ' என்றது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்கள். தாழ்வான ஆணியில் தொங்கிய வாணலியில், பக்கவாட்டு வளையத்துக்குள் அச்சு கச்சிதமாகச் செருகியிருந்தது. மெஷின் பின்னால் தொங்கியது.

அம்மா வாணலியை ஆணியிலிருந்து இறக்கினாள். அச்சை உருவி எடுத்துக்கொண்டே சொன்னாள்: "சூடு தாங்கலைன்னு காதுல துணி சுத்தி வச்சிருந்தேன் அக்கா. அதையும் அவுத்துப் போட்டிருக்கா பாருங்க."

"எதுல துணி சுத்தி வச்சிருந்தீங்க?"

"காதுல."

"எந்தக் காதுல?"

"வாணலிக் காதுலதான்."

இவள் வாணலியைப் பார்த்தாள். வாலைப் பார்த்தாள். பிறகு, இதுவரை மெஷின் கிடைத்த இடமெல்லாம் எது எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அடுப்படியில், அலமாரியில், கட்டுக்குள் என்று அம்மா பொத்தாம்பொதுவாகச் சொன்னாள். அப்படியல்ல, சரியாக எந்த இடம் என்று மடக்கினாள்.

"பால் குடிக்கிற கப்புல. கப்போட..." அம்மா நிறுத்தினாள். "கப்போட காதுல மாட்டியிருந்துச்சு."

"கடைக்குப் போன பையில?"

"பையோட காதுல." அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "நாள் பூரா அதைத்தானே அக்கா சொல்லிக்கிட்டே இருக்கேன். இந்தப் பைக்குக் காது தைக்கணும், அந்தப் பைக்குக் காது சின்னதாப் போச்சு, ஊசிக் காது கண்ணுக்குத் தெரியலைன்னு. எனக்கு வேற என்ன பேசத் தெரியும்?"

இருவரும் கூடத்துக்கு வந்தார்கள். வாலின் காதில் மெஷினை மறுபடி மாட்டினார்கள். இவள் ஒரு துணிப்பையை எடுத்து, உதடு தெரியாதபடி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, இயல்பான குரலில் கேட்டாள்.

"காது எங்கே?"

வால் தன் காதைத் தொடவில்லை. இது தெரியாதா உனக்கு என்பது போல இவளைப் பார்த்தாள். எழுந்து போய்த் தைத்த பையின் பிடியைத் தொட்டாள். அலமாரியில் இருந்த கப்பின் பிடியைத் தொட்டாள். சமையலறைக்கு ஓடி வாணலியைக் காட்டிவிட்டு வந்தாள். பிறகு தையல் மெஷினருகே ஊசி குத்தி வைக்கும் பஞ்சுப் பொதியைத் தூக்கி வந்து, ஓர் ஊசியைக் காட்டி, இரண்டு விரலைக் கிட்டே கிட்டே கொண்டு வந்து, உதட்டைப் பிதுக்கி, கையை விரித்தாள். அதில் மட்டும் நுழையவில்லையாம். எல்லாம் முடிந்த பிறகு, ஞாபகம் வந்தவள் போல இவளுடைய தோட்டைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். அது நன்றாக வலித்தது.

அம்மா பைக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தினம் காலையில நான்தான் சொல்றேன் அக்கா. காதுல போடணும், காதுல போடணும்னு."

"அவளும் சொன்ன பேச்சைக் கேட்டு ஒண்ணு விடாம எல்லாக் காதுலயும் போட்டுட்டிருக்கா" என்றாள் இவள். "நாமதான் திட்டிட்டிருந்தோம்."

அம்மா சிரித்தாள், அழுதாள், எது எப்போது என்று அவளுக்கே பிடிபடவில்லை. வால் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று 'அவன்தான் செஞ்சான்' என்று சைகை காட்டினாள்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை நம்பவில்லை. எத்தனையோ பெற்றோரின் ஆசையைப் பார்த்தவர் அவர்; ஆசைக்கும் நிஜத்துக்கும் நடுவே நின்று சொல்ல வேண்டியது அவர் வேலை. வாலின் முதுகுப் பக்கமாக நின்றுகொண்டு, வாயைக் கையால் மறைத்து, காது எங்கே என்றார். வால் திரும்பினாள். தலைமை ஆசிரியையின் கைப்பையைத் தொட்டாள், அவருடைய டீ கப்பைத் தொட்டாள். அறையின் மூலையில் இருந்த வாளியிடம் போய், அதன் கைப்பிடி மாட்டியிருந்த இரண்டு வளையத்தையும் தொட்டாள். வாளிக்கு இரண்டு காது என்பதை அந்த அறையில் இருந்த பெரியவர்கள் யாரும் அன்று வரை யோசித்ததில்லை.

தலைமை ஆசிரியை நோட்டைத் திறந்து, 'இன்னும் இல்லை' என்பதை அடித்து, 'காது' என்று எழுதினார். பேனாவை மூடப் போனவர், மூடாமல், பக்கத்தில் 'பை, கப்பு, வாணலி, வாளி, ஊசி, ஆள்' என்றும் எழுதினார். பிறகு நிமிர்ந்து, அச்சு குத்தவில்லை என்றார். அதைத்தான் இத்தனை நாளாகச் சொல்கிறேன் என்று இவள் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே அன்று முழுக்க அவள் நடையில் அது தெரிந்தது.

மெஷினைக் காப்பாற்ற ஒரு வழி வேண்டியிருந்தது. வாலிடம் மற்றக் காதுக்கெல்லாம் போடக்கூடாது என்று சொல்வது நியாயமாக இவளுக்குப் படவில்லை. காதென்றால் எல்லாம் காதுதானே. மிச்சம் மீதி இருந்த கலர் பசையைத் திரட்டி, வாணலிக்கு ஒன்று, கப்புக்கு ஒன்று, அவள் வைத்திருக்கும் குட்டிப் பைக்கு ஒரு ஜோடி என்று அளவெடுத்து வெறும் அச்சுகள் செய்தாள். வாணலிக் காதுக்குப் பொருத்திப் பார்ப்பதற்காக வாணலியையே பஸ்ஸில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள் வாலின் அம்மா. அச்சு அறை நாற்காலியில் வாணலி உட்கார்ந்திருந்ததையும், இவள் கன்னத்தை உப்பிக்கொண்டு அதற்குப் பசை ஏற்றியதையும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஐந்தாம் வகுப்பு முழுவதும் அன்று பாடம் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு காலையில் வால் வரிசையாக எல்லாச் சாமானுக்கும் மாட்டிவிட்டுக் கடைசியில் தனக்கும் மாட்டிக்கொண்டாள். கழற்றவில்லை. அம்மா அடுப்பு மூட்டுவதற்கு முன், வாணலிக்குக் கழற்றலாமா என்று அவளைக் கேட்க வேண்டும். சில நாள் சம்மதம் கிடைக்காது; அன்றைக்குக் குழம்பு சட்டியில் ஆனது. கழற்று, மாட்டு, சூடு, வேண்டாம் என்று சொற்கள் அந்த வாணலியைச் சுற்றியே ஒவ்வொன்றாக வந்தன. 'காது' என்பதை 'ஆவு' என்றுதான் சொன்னாள். வெகு நாள் அப்படித்தான் சொன்னாள். அதனால் என்ன, எந்தச் சாமானும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாறிப்போனது அம்மாதான். தான் பேசியது செவருக்குப் போகவில்லை, நேராகப் பிள்ளைக்குத்தான் போயிருக்கிறது என்று தெரிந்த பிறகு அவள் வாய் மூடவில்லை. புதிதாகப் பள்ளிக்கு வரும் அம்மாக்களின் பக்கத்தில் அவளை உட்கார வைத்தார் தலைமை ஆசிரியை. எனக்குப் பேச என்ன இருக்கிறது என்று மருகுகிறவர்களிடம், வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பாள். ஒருத்தி கோழி வளர்ப்பதாகச் சொன்னாள். அப்படியென்றால் கோழியைப் பற்றிப் பேசுங்கள், உங்கள் பையன் முதலில் முட்டை என்று சொல்வான் என்று அடித்துச் சொல்லிவிட்டாள். அவன் முதலில் சொன்னது 'போ' என்பது. கோழியிடம் அம்மா அதிகம் சொன்னது அதைத்தான்.

இப்போது வாலுக்கு ஏழு வயது. பேச்சு பாதி, சைகை பாதி என்று இரண்டு கையாலும் ஒரு வாயாலும் பேசுகிறாள். மூன்றும் ஒன்றையொன்று முந்தும். அம்மாவின் சைகையில் தப்பு இருந்தால் கையைப் பிடித்துத் திருத்துகிறாள். போன வாரம் புது அச்சுக்கு வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடி ஐந்து நிமிஷமும் அசையாமல் இருந்துவிட்டு, பசையை எடுத்ததும் கலர் அட்டையைக் கேட்டு வாங்கி, வலது காதுக்குப் பச்சை, இடது காதுக்கு மஞ்சள் என்று விரல் வைத்தாள்.

இரண்டும் ஒரே கலரில்தான் செய்வது வழக்கம் என்றாள் இவள். யார் வழக்கம் என்று கேட்டாள் வால். கலர் வேறு வேறாக இருந்தால் பார்க்கிறவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். பார்க்கத்தானே கலர் என்று பதில் வந்தது. இவள் சைகையில் வாதாடத் தொடங்கி, பாதியில் ஒரு வார்த்தைக்குக் கை தடுமாறி நின்றாள். வால் பொறுமையாக அந்தச் சைகையைச் செய்து காட்டி, சரி, இப்போது மேலே சொல்லு என்று காத்திருந்தாள். அதற்குள் இவளுக்குச் சொல்ல வந்தது மறந்துவிட்டது.

"சரி, பச்சையும் மஞ்சளும்" என்றாள்.

வால் நாற்காலியிலிருந்து இறங்கி, இவள் ரிஜிஸ்டரில் எழுதுவதை எட்டிப் பார்த்தாள். வலது, பச்சை என்று எழுதியதைச் சரிபார்த்தாள். இடது, மஞ்சள் என்பதையும் சரிபார்த்தாள். பிறகு மஞ்சளுக்குப் பக்கத்தில் விரலை வைத்து, "ஜிகினா" என்றாள், எந்த எழுத்தும் விட்டுப்போகாமல்.

இவள் 'ஜிகினாவுடன்' என்று சேர்த்து எழுதினாள்.